இருபது விழுந்தால்

சவப்பெட்டியின் தலைமாட்டில் வழிந்து உறைந்திருந்த மெழுகை இமெல்டா கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வெளியே தறப்பாள் பந்தலுக்குள் அப்பாவின் குரல் உயர்ந்தது.

“அதை எடுங்கோ. முதல்ல அதை எடுங்கோ.”

காலையிலிருந்து அப்பா வாய் திறந்தது இப்போதுதான். அவள் கத்தியோடேயே வெளியே போனாள்.

அவளுடைய கொட்டாஞ்சேனை வீட்டு ஒழுங்கைக்குள் வாடகைக் கதிரைகள் போக மிஞ்சிய இடத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் வழக்கம்போல முந்நூற்றிநாலு கடதாசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செத்தவீட்டில் கடதாசி விளையாடாவிட்டால் ஆண்கள் நித்திரையாகிவிடுவார்கள், இல்லாவிட்டால் காணி வழக்குகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். ஆகவே கடதாசியை யாரும் குறை சொல்வதில்லை. மற்ற மேசையில் செத்துப்போன தம்பி அனுஜனின் கூட்டாளிகள் ஷிம்னாவும் புஷ்பராஜும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கட்டம் போட்ட தாள், அதில் முடியுடைந்த ஒரு சதுரங்க ராஜா, பக்கத்தில் இருபது முகமுள்ள சிவப்புத் தாயக்கட்டை.

“அப்பா, இவை தம்பியோட ஞாயிற்றுக்கிழமையில விளையாடுறவை.”

“விளையாடட்டும். கடதாசி விளையாடட்டும். சிலுவைக்குக் கீழ இருந்து ஆண்டவற்ற உடுப்புக்கு உருட்டினது இதைத்தான்.”

அதை அவர் சொன்னால் மறுக்க முடியாது. துறைமுகத்தில் கிளாக்காக இருந்த காலம் முழுக்க கோயில் பாஸ்கு நாடகத்தில் ரோமைச் சேவகனாக நடித்தவர். சிலுவையடியில் தாயக்கட்டை உருட்டுவது அவருடைய பாகம்.

இமெல்டாவுக்குத் தாயக்கட்டை பெரிய விஷயமில்லை. பின்னேரம் சுவாமி வந்து செபித்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். அப்பா இன்னும் ஒருதரம்கூட உள்ளே வந்து மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே விட்டால் அதற்குப் பிறகு அவர் எப்படி இருப்பார் என்பதுதான் அவளுக்குப் பயம்.

வெள்ளவத்தையில் அனுஜனும் அப்பாவும் நாலாம் மாடியில் இருந்தார்கள். அனுஜனின் இதயத் தசை பலவீனம் என்று தெரிந்து ஒரு வருடத்துக்கு மேல். “சராசரியாய் இரண்டு வருசம் சொல்லலாம். சராசரி எண்டா திகதி இல்லை,” என்றார் டொக்டர். முந்தாநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. காலி வீதி பேக்கரியில் சூட்டோடு றோஸ் பாண் வந்திருக்கும், ஒன்று வாங்கிவா என்று அப்பா சொன்னார். அனுஜன் போய் வாங்கி, படியேறி வந்து, பாணை மேசையில் வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தான். அப்பா தேத்தண்ணியோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னது ஒன்றுதான்: “ஒரு பாணுக்கு.”

“அங்கிள், வேணாம்னா எடுத்துர்றோம்,” என்றான் புஷ்பராஜ். கிருலப்பனையில் இருப்பவன், ஹோட்டல் ஒன்றில் வேலை. “ஆட்டம் பாதியில நிக்கிது, அவரு போறதுக்கு முன்ன முடிச்சிருவோம்னுதான்.”

அப்பா ராஜாவைப் பார்த்தார். “இது ஆர்?”

“குகைக்குள்ள இருக்குற பெரிய மிருகம். நாங்க அடிக்கிற ஆக்கள். மிருகமெல்லாம் அனுஜன்ட பொறுப்பு,” என்றாள் ஷிம்னா. “மத்த ஆக்கள் விளையாடுற நேரம் மிருகத்துக்கு நூறு புள்ளின்னு வச்சி, அடிக்க அடிக்கக் கழிப்பாங்க. அனுஜனுக்கு அது புடிக்கல்ல. எல்லாரும் கழிச்சிக்கிட்டே இருக்கீங்க, ஒருத்தரும் பயப்புடுறீங்க இல்லன்னு சொல்ற. அதனால ஒவ்வொரு அடிக்கும் ஒருக்கா உருட்டுற. இருபது விழுந்தா செத்த. இல்லாட்டி நிக்கிற.”

“அப்ப எத்தினை அடியில சாகும்?”

“சராசரி இருபது. முதல் அடியிலயும் போகலாம், அறுபது அடிச்சும் நிக்கலாம்.”

“சண்டை போட்டோம் அவரோட,” என்றான் புஷ்பராஜ். “பதினெட்டு, பத்தொம்பது, இருபது, எது விழுந்தாலும் ஒரு காயம், மூணு காயத்துல சாவுன்னு வைங்கன்னேன். சராசரி அதேதான், ஆனா இப்படிக் கண்டபடி அலையாது. சின்ன மிருகங்களுக்கு ஒத்துக்கிட்டாரு. பெருசுக்கு மாட்டேன்னுட்டாரு. எப்ப சாகும்னு தெரிஞ்சா அது பெருசே இல்லன்னாரு.”

அப்பா கதிரையை இழுத்து இருந்தார். இமெல்டா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“இது இப்ப எவ்வளவு வாங்கிட்டுது?”

“முப்பதுக்கு மேல,” என்றாள் ஷிம்னா.

“அப்ப இனி விழத்தானே வேணும்.”

“இல்ல அங்கிள். வாங்கின அடி அதுக்கு ஞாபகமில்ல. முதல் அடியில எவ்வளவு சான்ஸோ, இப்பவும் அவ்வளவுதான்.”

அப்பா ராஜாவின் உடைந்த முடியை விரலால் தடவினார். பக்கத்து மேசையில் யாரோ துருப்புக் கேட்டார்கள்.

“எண்டாலும் கடைசியா அடிச்சவன்தானே விழுத்தினது.”

கேள்வி எங்கே போகிறது என்று இமெல்டாவுக்கு விளங்கியது. மற்ற இருவருக்கும் விளங்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

“ஒருக்கா நான் ஒரு சின்னக் கல்லு எறிஞ்சேன் அங்கிள்,” என்றான் புஷ்பராஜ். “அடிக்கிறதுக்குக்கூட இல்ல. உள்ள இருக்கா, சத்தம் கேக்குதான்னு பாக்கத்தான். பட்டா உருட்டணும்ல, உருட்டினா இருபது. ஒரு மாசமா அதுக்குன்னு தயாராகி வந்தோம், கல்லுல போயிருச்சு.”

“நீர் எறியாட்டி?”

புஷ்பராஜ் யோசித்தான். “அன்னைக்குப் போயிருக்காது.”

“அனுஜன் என்ன சொன்னவன்?”

“நான் மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சாரு. கல்லு எறிஞ்சது நீ, இருபது போட்டது நீயில்லன்னாரு.”

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கின. அவர் துடைக்கவில்லை. பிறகு கையை நீட்டினார்.

“தாரும் இங்க.”

சிவப்புத் தாயக்கட்டையை இரண்டு கைக்குள்ளும் மூடிக் குலுக்கி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி மேசையில் எறிந்தார். சேவகன் உருட்டிய அதே மாதிரி. முந்நூற்றிநாலுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டை தாளின் விளிம்புவரை ஓடி நின்றது.

“ஏழு,” என்றாள் ஷிம்னா.

“விழேல்லையோ?”

“விழல்ல அங்கிள்.”

அப்பா தலையை ஆட்டினார். ஒழுங்கை முனையில் சுவாமியின் கார் வந்து நின்றது. கதிரைக்காரப் பொடியன்கள் மேசையை மடிக்க வந்தார்கள். புஷ்பராஜ் தாளைச் சுருட்டி, ராஜாவை விளையாட்டுப் பெட்டிக்குள் கிடத்தப்போனான்.

“கிடத்தாதையும்.” அப்பா அதை வாங்கிக்கொண்டு எழுந்து, இமெல்டாவைத் தாண்டி உள்ளே போனார். அவள் பின்னால் போகவில்லை. வாசலில் நின்று, அவர் குனிந்து அனுஜனின் நெற்றியில் முத்தமிடுவதையும், நிமிர நேரமெடுப்பதையும் பார்த்தாள்.

மாதா சேமக்காலைக்கு அடக்கத்துக்குக் கொண்டுபோகும் வழியில் தூறல் தொடங்கியது. குடைகள் விரிந்தன. யாரோ பிடித்த குடைக்குள் அப்பா வரவில்லை. வாகனத்துக்குப் பின்னால் நடந்தபடி, இடது உள்ளங்கையில் நிமிர்ந்து நின்ற ராஜாவின் மேல் வலது கையைக் குவித்துப் பிடித்திருந்தார்.