தக்கை எழும்பிய பாட்டில்

சனிக்கிழமை பிற்பகல், படுத்த படுக்கையாகக் கிடந்தபடியே, திர்சா ஒரு பாவம் செய்ய முடிவெடுத்தாள்.

வாழ்க்கையில் அவள் துணிந்து செய்யப் போகும் முதல் பாவம். அநேகமாகக் கடைசியும் அதுதான். வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது, இனித் தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"லவீனியா, நிலவறைக்குப் போ. நாளைக்கு ஆலயத்துல திருவிருந்துக்கு ரெண்டு பாட்டில் திராட்சைச் சாறு எடுத்து வச்சிருக்கேன். இடது பக்கம் இருக்கிறதை எடுத்துக்கோ."

லவீனியா பக்கத்துப் பண்ணைக்காரி. கனத்த உடம்பு. படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது.

"இடது பக்கத்துப் பாட்டில்ல தக்கை மேலே எழும்பி நிக்குதே திர்சா! வலது பக்கத்தது ஒழுங்கா இருக்கு. அதை எடுக்கட்டுமா?"

"வெயிலுக்குத் தக்கை எழும்பத்தான் செய்யும். அழுத்தி மூடிட்டு அதையே கொண்டு போ."

"உன் இஷ்டம். நாளைக்கு யாராவது மூஞ்சியைச் சுளிச்சா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லு."

யாரும் சுளிக்க மாட்டார்கள். திர்சாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தக் கோதுமைச் சமவெளியில் மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர் வீடு எதிலும் மதுவின் வாசனைகூட நுழைந்ததில்லை. குடிக்க மாட்டேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். திருவிருந்துக் கிண்ணத்திலும் வெறும் சாறுதான். உலர்ந்த திராட்சையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, சூட்டோடு அடைத்த சாறு. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அதைக் காய்ச்சுவது திர்சாவின் வேலை. கோடையின் உக்கிரத்தில் ஒரு பாட்டில் புளித்துப் பொங்கிவிட்டது என்பதைப் படுக்கையில் விழுவதற்கு முன்பே முகர்ந்து தெரிந்துகொண்டாள். கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை.

நாளை ஊரே அந்த மதுவைக் குடிக்கும். குடித்தது மது என்று ஊருக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரியும்.

அவள் புருஷன் ஜேபஸுக்கு.

பல வருடங்களுக்கு முன்பு மகள் ஐவி தொண்டை அடைப்பான் நோயில் செத்தபோது அவளுக்கு நாலு வயது. புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், ஜேபஸ் ஒரு வார்த்தை பேசாமல் குதிரையில் ஏறிப் போய்விட்டார். திர்சாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள். தொழுவத்தில் மாடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. மாட்டைக் கறந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். ஐவியின் சின்னக் கட்டிலை அவளே தனியாகத் தூக்கிக் கொட்டகையில் போட்டாள். விடிந்து வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார். ரயிலடிக் கடையில் குடித்துவிட்டு வரும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களிடம் அடிக்கும் அதே வாடை அவரிடம்.

அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. ஐவி என்ற பெயர் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒலிக்கவே இல்லை.

ஜேபஸ் பிரசங்கியார் ஆனார். ஞாயிறு தவறாமல் சுற்றுவட்டார ஆலயங்களில் மதுவுக்கு எதிராக முழங்கினார். பையன்கள் வளர்ந்து மேற்கே சுரங்க வேலைக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். சமையலறை மேஜையின் இரண்டு முனைகளில் இரண்டு பேர் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் ஆடுகளைப் பற்றியும் பேசிச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சாயங்காலம் என்னைத் தனியா விட்டுட்டு எங்கே போனீங்க? இதற்குப் பதில் தெரியாமல் சாக அவளுக்கு மனமில்லை. கேட்டு வாங்கும் பதிலும் வேண்டாம். அவராக வாய் திறக்க வேண்டும். சாறு புளித்திருக்கிறது என்று சொன்னால், அந்த ருசி எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஐவியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊரைக் குடிக்க வைத்த பாவத்துக்குக் கர்த்தரிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று கண்ணை மூடினாள்.

ஞாயிறு காலை ஜேபஸ் அவள் தலைமாட்டில் டீயை வைத்துவிட்டு ஆலயத்துக்குக் கிளம்பினார். அன்று அவருக்கு வெளியூர்ப் பிரசங்கம் இல்லை. வண்டிச் சத்தம் தேய்ந்தது. அனலான வடகாற்று தகரக் கூரையை முறுக்கியது. காற்றாலை கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. வாசலில் நாய் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. திர்சா காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

முதலில் வந்தது லவீனியா.

"இன்னைக்குச் சாறு அமிர்தம்டி! நம்ம சபையிலேயே வயசானவர், தாத்தா நான்கிவெல், காலிக் கிண்ணத்துல விரலை விட்டு நக்குறார். போதகர் பார்த்துட்டார், மனுஷனுக்கு வெட்கமே இல்ல. அப்புறம் அந்தப் போதகர்கிட்டயே 'சகோதரி திர்சா சாகக் கிடந்தும் கை மணம் போகலை'ன்னு சொல்றார்."

"என் வீட்டுக்காரர்?"

லவீனியாவின் குரல் இறங்கியது. "கிண்ணத்தை வாய்ல வச்சதும் அப்படியே நின்னுட்டார். கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. பாவம், உன்னைத்தான் நினைச்சிருப்பார்."

திர்சா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது!

லவீனியா போன கொஞ்ச நேரத்தில் ஜேபஸ் உள்ளே வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். கட்டில் பக்கத்தில் நின்றார்.

"ஆராதனை எப்படி இருந்தது?"

"எப்பவும் போலத்தான்."

"சாறு?"

அவர் தொப்பியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்தது, திர்சா. ரொம்ப நல்லா இருந்தது. ஆட்டுத் தொட்டியில தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்தது. திர்சா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

புதன்கிழமை காலை, அவர் தொட்டியடியில் நின்றபோது, அவள் உயிர் பிரிந்தது. திரும்பி வந்தபோது தலைமாட்டில் வைத்த டீ ஆறிப் போயிருந்தது, அவளும்தான்.

அடக்கம் முடிந்து வீட்டில் டீ. ஸ்கோன் ரொட்டி, ஆட்டிறைச்சி சாண்ட்விச், பெரிய கெட்டில். மேற்கிலிருந்து மகன்களின் தந்தி மட்டும் வந்திருந்தது. நிலவறைக்கு ஊறுகாய் எடுக்கப் போன லவீனியா ஒரு பாட்டிலோடு ஏறி வந்தாள்.

"திர்சாவோட சாறு இன்னும் ஒண்ணு இருக்கு!"

"எனக்கு ஒரு கிண்ணம் ஊத்தும்மா," என்று முந்தினார் தாத்தா நான்கிவெல். ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சே, இது அது இல்ல. அன்னைக்கு நாக்குல சுருசுருன்னு ஏறுச்சே, அது இதுல இல்லையே!"

ஜேபஸ் அந்தக் கிண்ணத்தை வாங்கி ருசி பார்த்தார். சுத்தமான இனிப்பு.

"இது எங்கே இருந்தது?"

"வலது பக்கம். அன்னைக்கே இதை எடுக்கட்டுமான்னு கேட்டேன். தக்கை எழும்பினதுதான் வேணும்னு ஒத்தைக் காலில் நின்னா."

ஜேபஸ் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்துத் திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் குடிச்சது மது," என்றார்.

"என்ன உளறல் இது!" என்றது ஒரு குரல். ஒரு பெண்மணி வாயைக் கைக்குட்டையால் துடைத்தாள், ஏதோ இப்போதுதான் குடித்தவள் போல. போதகர் எழுந்துவிட்டார்.

"சகோதரரே, எங்க ஒருத்தருக்கும் தெரியலை. உங்களுக்கு மட்டும் எப்படி..."

"ஐவியைப் புதைச்ச அன்னைக்குத் தெரிஞ்சுகிட்டேன்."

அந்தப் பெயர் அந்தக் கூடத்தில் விழுந்தது. பாதிப் பேருக்கு ஐவி யாரென்றே தெரியாது.

"ரயிலடிக் கடைப் பின்வாசல்ல உட்கார்ந்து விடிய விடியக் குடிச்சேன். வீட்டுக்கு வந்தா திர்சா முகத்தைப் பார்க்கணும். அதுக்குப் பயம். அப்புறம் என்னைக்குமே அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் வரலை." மூச்சு வாங்கினார். "ஞாயித்துக்கிழமை, நோயாளி தெரியாம தப்பான பாட்டிலைக் கொடுத்துட்டான்னு நினைச்சேன். அவ மனசு நோகக் கூடாதுன்னு மறைச்சேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிகிட்டேன்."

தாத்தா நான்கிவெல் மெதுவாக ஸ்கோனைத் தட்டில் வைத்தார்.

"இதையெல்லாம் அவகிட்ட சொல்லியிருக்கலாமே ஜேபஸ்!" லவீனியாவின் குரல் உடைந்தது. "இப்பத்தான் புரியுது, அதுக்குத்தானே அவ காத்துக் கிடந்தா!"

"கேட்டா, லவீனியா. சாறு எப்படி இருந்ததுன்னு கேட்டா." அவர் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். "நான் ஆட்டுத் தொட்டியைப் பார்க்கப் போயிட்டேன்."