தில்லை பாட வேண்டிய இரண்டு வரி

பாட்டெழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு வரியை எழுதிவிட்டு அதையே மூன்று தரம் பாட விடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் என் கவிதையில் சொன்னதைத் திரும்பச் சொன்னது கிடையாது. சுவிஸில் இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபத்திரண்டு வருடம் சட்டி கழுவினேன். கழுவும்போதே மனதுக்குள் எழுதிக் கோயில் கவியரங்குகளில் வாசித்தேன்.

2014 மாசியில் என் மனைவி தில்லைநாயகிக்குப் பாரிசவாதம் வந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சுத் திரும்பவில்லை. சொல்ல வருவது கண்ணில் தெரியும், வாய் திறக்கும், 'ஓம்' மட்டும் வரும். சாப்பிட்டாயா என்றாலும் ஓம். நோகுதா என்றாலும் ஓம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க எலேனா என்றொருத்தி வீட்டுக்கு வந்தாள். என் படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லச் சொன்னாள். தில்லை தலையைக் குனிந்துகொண்டாள். எலேனா எதையோ எழுதினாள். எனக்குச் சந்தேகம், கேட்டேன். கணவர் பெயர் மறந்துவிட்டதாம்.

மறக்கவில்லை, முப்பத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை, எங்கள் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அப்படியென்றால் எப்படிக் கூப்பிடுவார் என்றாள். 'இஞ்சாருங்கோ' என்று சொல்லிக் காட்டினேன். எழுதியதை வெட்டினாள்.

பேச வராத சிலருக்குப் பாட வரும் என்றும் சொன்னாள். சின்னச் சொற்களை மெட்டில் போட்டுப் பழக்க வேண்டுமாம். நான் எழுதுகிறவன் என்றேன்.

ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து பதினாறு வரி எழுதினேன். ஜெயகௌரியிடம் கொண்டுபோனேன். அவள் ஹோட்டல் சலவையறையில் வேலை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சங்கீதம்.

"மெட்டுப் போடும். ஆனால் பாட்டிலை உம்மட பேரைப் போடக்கூடாது," என்றேன்.

"பாடட்டும், பிறகு பேரைப் பாப்பம். 'நிசப்தத்தின் விளிம்பில் நிற்பவளே.' அண்ணை, இதை ஆர் பாடுறது?"

"தில்லை."

"என்னாலையே ஏலாது. எங்கை மூச்செடுக்கிறது?"

"மூச்சு வாசிக்கிறவன்ர பாடு."

"கவிதைக்குச் சரி. பாட்டுக்கு அது எழுதிறவற்ற பாடு." தாளை மடித்து என் கையில் தந்தாள். "இது நீங்கள் அக்காவுக்குச் சொல்லுறது. அக்கா உங்களுக்குச் சொல்ல இதிலை என்ன கிடக்கு?"

இவளுக்கென்ன தெரியும் என்று கோபத்தோடு வந்தேன். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவளிடம் எதைக் கேட்பது? குசினி மேசையில் இருந்து, பேச்சுப் போகமுந்தி விடிந்தால் தில்லை என்னென்ன சொல்வாள் என்று யோசித்தேன். இஞ்சாருங்கோ, தேத்தண்ணி. இஞ்சாருங்கோ, என்ர கண்ணாடியைக் கண்டனீங்களோ. பதினாறு வரியும் போனது. இரண்டு எழுதினேன்.

இஞ்சாருங்கோ, கொஞ்சம் வாங்கோ
இஞ்சாருங்கோ, கிட்ட இருங்கோ

எழுதிவிட்டு வெட்கமாக இருந்தது. ஜெயகௌரி வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. முணுமுணுத்துப் பார்த்தாள். "ஒவ்வொரு வரியும் ரெண்டு தரம் வரும், அண்ணை."

"ஏன், ஒருக்காச் சொன்னால் விளங்காதோ?"

"முதல் தரம் வாய் தேடும். ரெண்டாம் தரம்தான் பாடும்."

ஐந்து கிழமை அவளும் வந்தாள், எலேனாவும் வந்தாள். தில்லையின் இடக்கையைப் பிடித்து மேசையில் தட்டித் தட்டிப் பாடினோம். அவளுக்கு மெட்டு வந்தது, சொல் வரவில்லை. உம்மட மெட்டுத்தான் பிழை என்றேன்.

"தாளத்தைத் தட்டுங்கோ அண்ணை, கதைக்காதேங்கோ," என்றாள் ஜெயகௌரி.

ஒரு செவ்வாய் மத்தியானம் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். அறைக்குள் மெட்டுக் கேட்டது. வழக்கம்தானே என்று விட்டேன். பிறகு 'இஞ்சா' என்று ஒரு இழுவை. நின்றுவிட்டது.

கத்தியை வைத்துவிட்டு வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. போயிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். வெளியிலேயே நின்றேன். கட்டில் சட்டத்தில் அவளே தாளம் தட்டுவது கேட்டது.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் வாங்கோ."

"வாறன்," என்றேன்.

கண்ணாடி கட்டிலுக்குக் கீழே விழுந்துகிடந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபடியும் அதே வரியைப் பாடினாள். கிட்டத்தானே நிற்கிறேன் என்று சொல்ல வந்தது. மூன்றாம் தரமும் பாடட்டும் என்று பக்கத்தில் இருந்தேன்.