எதிர்வீட்டில் கேட்ட அழுகை

கணக்கு டீச்சரின் மகளுடைய அழுகை எதிர்வீட்டுப் பெண் கண்டக்டரின் மகனிடம் போய்ச் சேர்ந்தது, கட்டிடத்தின் லிஃப்ட் பழுதாகி, தண்ணீர் லாரிக்காரர்கள் விலையை ஏற்றிய அதே மாதத்தில்தான். மூன்றில் லிஃப்டைப் பற்றித்தான் குடியிருந்தவர்கள் அதிகம் பேசினார்கள். கண்டக்டரின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு, சொந்தக் கட்டிடத்தில் மூன்று மாடி மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தான். அழுகை ஒன்று வீடு மாறிப் போனதைக் கவனிக்க அந்தச் சமயத்தில் யாருக்கும் நேரமில்லை.

இரண்டு பெண்களும் முன்பெல்லாம் மாடிப்படியில் சிரித்துக்கொண்டு, மிக்ஸி ஜாரைக் கைமாற்றிக்கொண்டு இருந்தவர்கள்தான். ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றதுதான் வினையாகிவிட்டது. வார்டில் ஒரு நர்ஸ் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிப் பார்த்து, "இதுதான் கனமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதைச் சொன்னாள் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. வீடு திரும்பியதும் வேவு வேலை பின்பக்கத் துணிக்கொடியில் தொடங்கியது. அந்தக் கட்டிடத்தில் கொடியைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தையின் துணி நிறையக் காய்ந்தால் பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறது என்று ஒரு கட்சி, வயிறு கெட்டிருக்கிறது என்று இன்னொரு கட்சி. டீச்சர் இரண்டாவது கட்சி என்பதால் பாதித் துணியைக் குளியலறைக்குள்ளேயே ஒளித்துக் காயப்போட்டாள். கண்டக்டர் முதல் கட்சி. அவள் அழுக்காகாத துணியையும் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து மாட்டினாள். மாட்டிவிட்டு இருவரும் அடுத்தவள் கொடியைப் பார்த்து மனம் புழுங்கினார்கள்.

தடுப்பூசி நாளன்று சுகாதார நிலையத்தில் ஏகப்பட்ட கூட்டம். வரிசையில் நின்ற தாய்மார்கள் தூக்கத்தைப் பற்றியும் தூக்கமின்மையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரின் மகன் அம்மாவின் தோளில் வாயை மூடிக்கொண்டு அசந்து தூங்கினான். அதைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்குத் தாங்கவில்லை. முந்தைய இரவு முழுக்கக் கத்தித் தீர்த்த மகளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க பாப்பா அழறதே இல்லைங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் முறை வந்துவிட்டது. ஊசி இறங்கியதும் குழந்தையின் முகம் சிவந்தது, வாய் கோணியது, கண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அழுகை நாலு பேர் தள்ளி நின்ற கண்டக்டரின் தோளிலிருந்து வந்தது. அவள் மகன் தூங்கிக்கொண்டேதான் இருந்தான், உதடு பிரியவே இல்லை. ஆனாலும் மெல்லிசாகத் தொடங்கிக் கடைசியில் விக்கலாக ஒடியும் டீச்சர் மகளின் அழுகை அவன் பக்கமிருந்து ஓங்கிக் கேட்டது.

"ஊசி போட்டது இந்தப் பிள்ளைக்கு, அழறது அந்தப் பிள்ளை" என்று நர்ஸ் சிரித்தாள். வரிசையே டீச்சரின் மகளை மெச்சியது. டீச்சருக்கு நன்றாகத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் அழுகை தெரியாமல் போகுமா? இருந்தும் மகளின் கன்னத்தை முந்தானையால் யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு, கிடைத்த பாராட்டை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் டீச்சரின் மதிப்பு கட்டிடத்தில் எங்கேயோ போய்விட்டது. கீழ்மாடிகளிலிருந்து தாய்மார்கள் யோசனை கேட்டு வந்தார்கள். அவளும் கரும்பலகை முன்னால் நிற்பது போல நின்று, குளிப்பாட்டும் முறை, படுக்கவைக்கும் திசை என்று விளக்கினாள். கண்டக்டர் வீட்டிலோ எந்நேரமும் அழுகை. தன் மகனின் கட்டைக்குரல் ஓயும்போது இந்த மெல்லிய குரல் தொடங்கும். குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி மூன்று மாடி ஏறி வந்து, "ஏம்மா, பிள்ளையைக் கொஞ்சம் கவனிச்சா என்ன?" என்று கேட்டார். கிள்ளுகிறாளாம், பட்டினி போடுகிறாளாம் என்று படிக்கட்டில் பேச்சு அடிபட்டது. நெரிசலான பேருந்தில் கடைசிப் படிவரை குரல் எட்டும் பெண் அவள். அவளே வாயடைத்துப் போனாள். புருஷன்கூட ஒருநாள் கிள்ளிய தடம் இருக்கிறதா என்று மகனின் தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மதியம் அவள் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சப்பிக் குடிக்கும் சத்தம் ஒரு பக்கம், அவனிடமிருந்து வரும் அழுகை ஒரு பக்கம். விரலால் உதட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். குடித்துக்கொண்டேதான் இருந்தான். அன்றிலிருந்து அவள் கவனிக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் சற்று நேரத்தில் இங்கே அழுகை. எதிர்வீட்டு டீச்சர் கடைக்குப் போனால் அழுகை. அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தினால் அடங்கிவிடும். டீச்சரம்மா குழந்தைக்கு ஏதோ மருந்து கொடுத்து அழுகையை இங்கே தள்ளிவிடுகிறாள் என்று முடிவு கட்டினாள். டீச்சர் கட்டிய முடிவு வேறு. இவள் கண் வைத்து அழுகையை உருவிக்கொண்டு போய்விட்டாள், குழந்தை மொத்தமும் ஒருநாள் அப்படியே போய்விடும் என்று பயந்தாள். அதே சமயம் மகளுக்குப் பசி எப்போது, ஈரம் எப்போது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. நாள் முழுக்கத் தன் வீட்டு வாசற்கதவில் காதை வைத்துக்கொண்டு எதிர்வீட்டைக் கேட்டபடி நின்றாள். மெல்லிய குரல் வந்தால் ஓடிப்போய் மகளைத் தூக்குவாள். கதவுத் துளை வழியாக இவள் அவளைப் பார்க்க, அவள் இவளைப் பார்க்க, இடையில் ஆளில்லாத நடை மட்டும் கிடந்தது.

கடைசியில் கண்டக்டர் வெறுத்துப்போய், மகனைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டிடம் அப்பாடா என்றது. டீச்சரும் முதலில் அப்படித்தான் சொன்னாள். மறுநாள் கதவில் காதை வைத்தபோதுதான், தான் எதை இழந்துவிட்டோம் என்று உறைத்தது. எதிர்வீட்டில் எறும்பு ஊரும் சத்தம்கூட இல்லை. அவள் மகள் இனி விழுந்தாலும் தெரியாது, எரிந்தாலும் தெரியாது. வெளியூரில் மருந்து விற்றுக்கொண்டிருந்த புருஷனிடம் போனில் சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? குழந்தையை விட்டு அகலாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காலையில் கீழ்மாடித் தாய்மார்கள் யோசனை கேட்டு வந்தார்கள். மகளைத் தொட்டிலில் போட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் அவர்களுக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தாள். சாத்தாமல் இருந்திருக்கலாம். குழந்தையின் தலைமுடி வாரியிருக்கவில்லை, அதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தாள்.

நகரத்தின் மறுகோடியில், அக்கா வீட்டில், கண்டக்டரின் மகன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கமிருந்து அந்தக் குரல் எழுந்தது. இதுவரை கேட்காத விதமாக, நடுவில் அறுந்து அறுந்து கேட்டது. அழுகைகளில் அத்தனை மாதம் குடித்தனம் நடத்தியவள் அவள். கேட்டதுமே மகனை அக்கா மடியில் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள். வந்த பேருந்தில் டிரைவர் தெரிந்தவர். "எங்கயும் நிறுத்தாதீங்கண்ணே" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் வழிநெடுகத் திட்டினார்கள், பேருந்து கட்டிட வாசலில்தான் நின்றது.

கதவைத் திறந்த டீச்சரிடம், "பொண்ணு எங்க?" என்றாள். மூச்சு இரைத்தது.

"தூங்குது. என்ன வேணும் உங்களுக்கு?"

"தூங்கலை. போய்ப் பாரு."

கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் டீச்சர் வாயில் வந்தது, "எங்க பாப்பா அழறதே இல்லையே" என்பதுதான். கண்டக்டர் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். தொட்டிலின் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் குழந்தையின் கால் முழங்கால்வரை சிக்கி, நீலம் பாரித்து வீங்கியிருந்தது. உடம்பு முறுக்கிக் கழுத்து கம்பியில் அழுந்தியிருந்தது. வாய் அகலத் திறந்து மூடியது. ஒரு சத்தமும் இல்லை. கண்டக்டர் கம்பியை உலுக்கிப் பிடுங்கினாள், டீச்சர் காலை உருவினாள். குழந்தைக்கு மூச்சு சீரானபின் இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"இது இவ அழுகைன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் கண்டக்டர்.

"ஊசி போட்ட அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எல்லாரும் என்னைக் கொலைகாரி மாதிரி பாக்கறதப் பாத்துட்டு இருந்த?"

டீச்சர் அழுதாள். அவளுடைய அழுகை அவளிடமிருந்தே வந்தது.

மறுநாள் மாடிப்படியில் செகரட்டரி உட்பட எல்லோரையும் நிறுத்திவைத்து, எதிர்வீட்டில் கேட்டது தன் மகளின் அழுகை என்றும், தான் பொய் சொன்னதாகவும் டீச்சர் உரக்கச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அக்கம்பக்கத்தாள் மேல் விழுந்த பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே, என்ன மனசு என்று அவள் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கண்டக்டர், "படிச்சவ பொய் சொன்னாலும் மார்க்கு, உண்மையைச் சொன்னாலும் மார்க்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா வீட்டிலிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்து குடியிருந்தாள்.

அழுகை திரும்பவே இல்லை. டாக்டர்கள் தொண்டையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பெண் நன்றாகப் பேசினாள், பாடினாள், சண்டை போட்டாள். அழுகை மட்டும் எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டது. பள்ளியில் அவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் இவன் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. வாத்தியார்கள் பழகிக்கொண்டார்கள். பரீட்சை நேரத்தில் இருவரையும் ஒரே அறையில் போடுவதில்லை என்பதோடு விஷயம் முடிந்தது. டீச்சருக்குத்தான் முடியவில்லை. எல்லாவற்றிலும் முந்தி நிற்க ஆசைப்பட்டவளுக்கு, சொந்த மகளின் துக்கம் என்றைக்கும் இரண்டாவதாகத்தான் தெரிந்தது. கண்டக்டர் வந்து சொல்லும்போதெல்லாம், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளோ, வேண்டுமென்றே தாமதமாக வந்தாளோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்ப்பாள். அந்தச் சந்தேகத்துக்கும் அவளோடு கூடவே வயதானது.

பெண் வளர்ந்து வேலைக்காக வேறு ஊருக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்டக்டர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"உன் பொண்ணு அழறா."

"எந்த மாதிரி?"

"வலி இல்ல. கோவமும் இல்ல. சத்தம் வெளிய வராம அடக்கி அடக்கி அழறா. பையன் சாப்பிடாம உக்காந்திருக்கான். போனைப் போடு."

டீச்சர் போனைப் போட்டாள். மறுமுனையில் மகளின் குரல் தெளிவாக, பளிச்சென்று வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா சந்தோஷமா இருக்கேன். ஃப்ரெண்ட்ஸோட சிரிச்சுப் பேசிட்டு இருக்கேன்."

டீச்சர் எதிரில் நின்றவளை உற்றுப் பார்த்தாள். கண்டக்டர் தன் வீட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துவிட்டு, அழுகை இன்னும் ஓயவில்லை என்று தலையசைத்தாள். டீச்சர் போனை வைத்துவிட்டு, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். கடைசி பஸ்ஸில் இடம் இருக்குமா என்று கண்டக்டரிடம் கேட்டாள்.