மேனேஜர் தின்ற பத்தொன்பதாம் தேதி

மேனேஜர் வெள்ளிக்கிழமையைத் தின்றுவிட்டதால் மெர்சலின் வீட்டில் வியாழனுக்கு அடுத்து சனிக்கிழமை வந்தது. வாசலில் இரண்டு பால் பாக்கெட் கிடந்தன. திரிந்து போயிருந்ததை அடுப்பில் வைத்துச் சர்க்கரை போட்டுக் கிண்டினாள். வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போய், வருகைப் பதிவேட்டில் வெள்ளிக்கு நேராக ‘முயல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்த மாதத்தில் இது இரண்டாவது என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர்தான் முயல். நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு துரும்பையும் அசைக்காமல், எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு. அப்படிப்பட்டவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? மெர்சலினின் கணவன் கஸ்பார் கப்பலில் சமையல்காரன். அவன் போன மறுமாதம், வீட்டில் தன் குரலைத் தவிர வேறு சத்தமில்லை என்று அவள் இந்த வெள்ளை முயலை வாங்கி வந்தாள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ராஜபுஷ்பம், அக்ரிமெண்டை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தாள். நாய் கூடாது, பூனை கூடாது என்று இருந்தது. முயலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆனால் சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்று இருந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆணி. முன்பு குடியிருந்தவர்கள் பிள்ளைக்குப் புத்தகப்பை மாட்ட அடித்தது, முழங்காலுக்குச் சற்று மேலே. தினசரி காலண்டர் அதில்தான் தொங்கியது. மேனேஜருக்கு முள்ளங்கி இலையும் மல்லித்தண்டும் வேளாவேளைக்குக் கிடைத்தாலும், அவ்வப்போது ஒரு தாளை இழுத்து மென்றுவிடுவார். மென்ற நாள் அந்த வீட்டுக்கு வராது. அவ்வளவுதான் விஷயம். வேறு வீட்டில் போய்ப் படுத்தாலும் பயனில்லை. அவரவருக்கு அவரவர் காலண்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெர்சலின் ரோஜாத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபோது சாம்பிராணி மணந்தது. சாம்பிராணி போடுகிறவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் தெருவுக்கு வருவார். முந்தின நாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கூட்டி அள்ளிய மேனேஜரின் புழுக்கைகளை அந்தத் தொட்டியில்தான் போட்டிருந்தாள். நல்ல உரம் என்று நினைத்துக்கொண்டு காரட் நறுக்கப் போனாள்.

அப்போது கஸ்பாரிடமிருந்து போன் வந்தது.

“மெர்சி, கப்பல் நம்ம தூத்துக்குடிக்கு வருது. பத்தொன்பதாந்தேதி காலைல ஆறு மணிக்குக் கரையில கட்டுதாவ, ஏழுக்கு வீட்டுல இருப்பேன். மறுநா விடியக்காலம் கெளம்பிருவோம். ஒரு நாளு.”

“ஒரு நாளுதானா?”

“ஒரு நாளாவது கெடைச்சிதே.”

பதினான்கு மாதம் கழித்து ஒரு நாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கை கழுவக்கூடத் தோன்றவில்லை. ஓடிப் போய்க் காலண்டரில் பத்தொன்பதாம் தாளைத் தேடி எடுத்து, மறக்கவா போகிறாள், இருந்தாலும் அடையாளத்துக்கு மடக்கி வைத்தாள். காரட் கையால் மடக்கினாள். சாயங்காலம் பார்த்தால் பதினெட்டு இருக்கிறது, இருபது இருக்கிறது. நடுவில் ஒரு கிழிசல். மேனேஜர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெர்சலின் பதினெட்டாம் தேதி படுத்தால் இருபதாம் தேதி எழுந்திருப்பாள். கப்பல் போயிருக்கும்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலண்டர் கொடுத்த மளிகைக்கடைக்குப் போனாள். எல்லாம் ஜனவரியிலேயே தீர்ந்தது என்றார் கடைக்காரர். வேண்டுமானால் போன வருடத்துப் பத்தொன்பது இருக்கிறது, பொட்டலம் மடிக்க வைத்திருக்கிறேன் என்றார். போன வருடம் அந்தத் தேதியில் கஸ்பார் எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் இருந்தான், இங்கே நாள் முழுக்கக் கரண்டும் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

ராஜபுஷ்பத்திடம் இரவல் கேட்டாள்.

“குடுக்கலாம்டி. ஆனா எனக்கு அன்னிக்கு கேஸ் சிலிண்டர் வருதே. மத்தியானத்துக்கு மேல வேணா கிழிச்சித் தாரேன். பாதிய வச்சி என்ன செய்வ?”

“ஏழு மணிக்கு வந்தா மத்தியானம் வரைக்கும் அவிய வாசல்லயே நிப்பாவளேக்கா.”

“அதுவுஞ் சரிதான்.” ராஜபுஷ்பம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “ஏட்டி, தின்னது எங்க போயிரும்? வயித்துலதான கெடக்கும்?”

மெர்சலினுக்குச் சாம்பிராணி நினைவுக்கு வந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பத்தொன்பதாம் தேதி வர ஆரம்பித்திருந்தது. முதலில் வந்தவை கறுப்பாகவும் ஈரமாகவும் இருந்தன. அவள் கை நீட்டுவதற்குள் மேனேஜர் குனிந்து அவற்றைத் திரும்பத் தின்றுவிட்டார். முயல்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. குனிந்து மோந்து பார்த்தாள். கொசுவத்தி வாசனை அடித்தது. இரவு நேரம். தூங்குவதற்குத்தானே ஆகும், போகட்டும் என்று விட்டாள். பிறகு வந்தவை வெளிறிய, உலர்ந்த உருண்டைகள். அதுதான் பகல். ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, வருகிற வரிசையிலேயே எடுத்து ஊசிநூலில் கோத்தாள். மேனேஜர் இரண்டு தடவை தரையைத் தட்டினார். தனிமை அவருக்கும் வேண்டுமல்லவா?

மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும், ஒன்றுக்கு ஐந்து நிமிடம்.

பதினெட்டாம் தேதி படுத்து இருபதாம் தேதி எழுந்தாள். துறைமுகத்தில் கப்பல் புறப்படுகிற சங்கு ஊதியது. மெர்சலின் அவசரப்படாமல் முதல் உருண்டையை உருவி, ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி, காலண்டரில் ஒட்டினாள். சங்குச் சத்தம் பாதியில் நின்றது. ஐந்து நிமிடம் ஆனதும் உருண்டை உதிர்ந்தது, அடுத்ததை ஒட்டினாள். ஏழு மணி வரைக்குமான பன்னிரண்டையும் மீன் குழம்பு வைக்கவும் தலை சீவவும் செலவழித்தாள். பதின்மூன்றாவதை ஒட்டியபோது கதவு தட்டப்பட்டது.

கஸ்பார் கறுத்து, கொஞ்சம் தொப்பை வைத்திருந்தான். அவளுக்கு முதலில் சிரிப்பும் அப்புறம் அழுகையும் வந்தன. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. மேனேஜரை அறிமுகப்படுத்தினாள், ஆணியைக் காட்டினாள், மாலையைக் காட்டினாள். கஸ்பார் மாலையைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

“இன்னும் நூத்தியிருவது இருக்கு. எல்லாத்தயும் இன்னிக்கே ஏன் ஒட்டுத? நடுக்கடல்ல ரெண்டு மூட்ட தக்காளிய நாப்பது பேருக்கு ஒண்ணர மாசம் இழுத்தவன் நான். தெனம் ரெண்டு போடு. காபி குடிக்க நேரத்துக்கு.”

“அப்ப நீங்க?”

“எனக்கு எல்லாம் ஒரே நாளுதான. நீ ஒட்டும்போது இருப்பேன்.”

உருண்டை உதிர்ந்தது. நாற்காலி காலியாக இருந்தது. மெர்சலின் அன்று முழுவதும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தேதி தப்பாகக் கொடுத்தாள். மறுநாள் காலையில் இரண்டு உருண்டை ஒட்டியதும் கஸ்பார் அதே நாற்காலியில் இருந்தான். டம்ளரில் காபி ஆறக்கூட இல்லை. “அதத்தான் சொல்ல வந்தேன்,” என்று விட்ட பேச்சை எடுத்தான்.

அப்படியே அறுபது நாள் ஓடியது. ஒரே மீன் குழம்பைப் பதினொரு நாள் சாப்பிட்டான். மத்தியானத் தூக்கம் ஒன்று போட்டதில் ஒரு வாரம் போய்விட்டது, அதற்கு அவள் கோபித்துக்கொண்டதில் இன்னும் இரண்டு நாள். மேனேஜர் ஒரு தாளையும் தொடவில்லை. பத்தொன்பதாம் தேதி அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது போலும். இதற்கிடையில் இருபதாம் தேதி கிளம்பிய கப்பல் ஆப்பிரிக்காவில் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கட்டிக் கிடந்தது. அதில் போயிருந்த கஸ்பார் போனில், அன்று நீ வைத்த குழம்பு இன்னும் நாக்கிலேயே இருக்கிறது என்றான். மெர்சலினுக்கு அது போன வாரம்தான் காலியாகியிருந்தது.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி நூலில் இரண்டே உருண்டைகள் மிச்சம். கஸ்பார் பையைத் தோளில் மாட்டியிருந்தான். பையிலிருந்து சுருட்டிய ஓர் உலகப்படத்தை எடுத்துக் கொடுத்தான்.

“நான் எங்க இருக்கேன்னு இதுல பாத்துக்க. இது நம்மூரு. இந்தா, இதான் நாங்க போற டர்பன்.”

“நடுவுல எம்புட்டுத் தண்ணி.”

“ஆமா, கெடக்கு.” அவன் அவள் தலையைத் தொட்டான். “சரி மெர்சி, வாரேன்.”

கடைசி உருண்டை உதிர்ந்தது. வெறும் நூலை மெர்சலின் விரலில் சுற்றிக்கொண்டாள். அவன் இல்லாமல் இன்னொரு பதினான்கு மாதம் இருக்க அவளால் முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு காரட்டை நறுக்கினாள். கை கழுவாமல் வந்து, இந்து மகாசமுத்திரத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நிதானமாகத் தடவினாள். காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, படத்தை ஆணியில் மாட்டினாள்.

மேனேஜர் அன்று நிறையத் தண்ணீர் குடித்தார். உப்புச் சாப்பிட்டால் குடிக்கத்தானே வேண்டும்?

காலையில் ராஜபுஷ்பம் கீழிருந்து குரல் கொடுத்தாள். “ஏட்டி மெர்சி! பொட்டிக்கடைக்கு அடுத்தாப்ல டர்பன் நிக்கி. பால்காரரு சுத்தி வாரதுக்கு நேரமாவுமாம். அங்க தக்காளி கொள்ள சல்லிசாம், கூடைய எடுத்துட்டு வாரியா?”

“நீங்க போங்கக்கா. எங்க வீட்டுக்காரவிய வேல முடிஞ்சி வாராவ.”

“அப்ப ஒரு காரியம் செய்யி. காலண்டர மாட்ட ஒசரத்துல இன்னொரு ஆணி அடிச்சிக்கோ.” ராஜபுஷ்பம் கூடையோடு தெருமுனைக்கு நடந்தாள்.

காலண்டரில் பத்தொன்பதாம் தேதி இருந்தது. செப்டம்பர், முழுத் தாள், கிழியாதது. மெர்சலின் அடுப்பில் இருந்த காபிக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்த்து ஊற்றிவிட்டுச் சுத்தியலைத் தேடினாள். கதவு தட்டப்பட்டது. மேனேஜர் உள்ளிருந்து பின்னங்காலால் ஒரு தட்டுத் தட்டி, வரச் சொன்னார்.