தள்ளிப் பிறந்த அத்தை

ஜெயராஜை வளர்த்து ஆளாக்கியவர்கள் கிள்ளான் நகரில் இருக்கும் மூன்று அத்தைகள். அவர்கள் தலையாட்டினால்தான் கல்யாணம். 1999இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் பிரிக்பீல்ட்ஸில் ரமணியின் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து இறங்கினார்கள். டீ கொடுப்பது ரமணியின் வேலை. டீயை மூத்தவருக்குத்தான் முதலில் நீட்ட வேண்டும். மாற்றி நீட்டினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் யார் மூத்தவர்?

இருவர் அடுத்தடுத்த வருடம் பிறந்தவர்கள், ஒருவர் மட்டும் நெடுந்தூரம் தள்ளிப் பிறந்தவர் என்று ஜெயராஜ் சொல்லியிருந்தான். முன்னால் தள்ளியா, பின்னால் தள்ளியா என்பதை அந்த மகராசன் சொல்லவில்லை. இப்போது அவன் வாசலில் ஆண்களோடு அரட்டையில் இருந்தான்.

பல்கலைக்கழகத்தில் ரமணி எழுதிவந்த ஆய்வேட்டிலும் இதே வம்புதான். நியூட்ரினோ என்கிற பொடித் துகளில் மூன்று வகை உண்டு. இரண்டின் எடை ஒட்டி நிற்கும், மூன்றாவது தள்ளி நிற்கும். அது மற்ற இரண்டையும்விடக் கனமா, இலேசா? ஒவ்வொரு சான்றும் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கூட்டிப் பார்க்கும் புள்ளியியல்தான் அவள் வேலை. அதையே இங்கேயும் செய்துவிட்டால் போயிற்று!

தட்டோடு கூடத்துக்கு வந்தாள். பவுனம்மாளுக்கும் சீதாலெட்சுமிக்கும் கருகருவென்ற தலை. இராஜம்மாவுக்கோ முழு நரை, தடித்த கண்ணாடி. சந்தேகமே இல்லை என்று இராஜம்மாவிடம் தட்டை நீட்டினாள்.

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

"நான்தான் கடைக்குட்டி லா!" என்றார் இராஜம்மா. "இவங்க ரெண்டு பேரும் மாசாமாசம் டை அடிக்கிறாங்க. நான் அடிக்கிறதில்ல."

ரமணிக்கு முகம் செத்துப்போனது. மூத்தவர் என்றால் நரைத்திருக்கும் என்று மட்டும் யோசித்தாளே தவிர, இளையவருக்கும் நரைக்குமே என்று அந்தப் பக்கக் கணக்கைப் போடவே இல்லை. இந்தத் தப்பைச் செய்த மாணவர்களை அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

"யூனிவர்சிட்டியில இதையா சொல்லிக் கொடுக்கிறாங்க?" இராஜம்மாவின் குரலில் காரம்.

"இல்ல ஆன்டி. ஆராய்ச்சியில 'இன்னும் தெரியல'ன்னுதான் எழுதியிருக்கேன். அங்க நான் அவசரப்படல."

"இங்க மட்டும் என்னம்மா அவசரம்?"

"எப்படியாச்சும் உங்களுக்கெல்லாம் என்னைப் பிடிச்சுப் போயிடணும்னு..."

இராஜம்மா அவளையே பார்த்தார். பிறகு டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"ஆன்டி என்ன ஆன்டி? அத்தைன்னு கூப்பிடு."