முழங்கைக்கு அடியில்

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அறைக்கதவில் மாட்டிய பலகையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து தலைமை மருத்துவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் கைராசி. பக்கவாதத்தில் விழுந்த கை, இயந்திரத்தில் சிக்கிய விரல், கட்டுப் பிரித்த பிறகும் மரக்கட்டையாய் விறைத்து நிற்கும் மணிக்கட்டு என்று எது வந்தாலும், அதைப் பழக்கிப் பழக்கி மறுபடி வேலைக்குத் திருப்புவது அவள் தொழில். "ராசியாவது ஒண்ணாவது! சொன்னதைத் தினமும் செஞ்சா கை தானா வழிக்கு வரும்" என்று அவள் சொல்லாத நாளில்லை.

சிக்கலே அந்தத் தினமும் செய்வதில்தான் இருந்தது. மருத்துவமனையில் இருக்கும்வரை ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்கள் வீட்டுக்குப் போனதும் ஓய்ந்துவிடுவார்கள். பயிற்சித் தாள் தலையணைக்கு அடியில் போய்விடும், கை மடியில் கிடக்கும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்தச் சுணக்கம் போய்விடும் என்று கைராசிக்கு நெடுநாளாக ஒரு நம்பிக்கை. சிலரிடம் செய்தும் பார்த்தாள், பலன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் "எனக்குத் தெரிஞ்சவரைக்கும்" என்று சொன்னால் வேறு ஊர் மருத்துவமனை எதற்காகக் கேட்கப்போகிறது? முறையாக ஆராய்ந்து, ஆய்விதழில் எழுதினால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இத்தனை வருடம் கைகளைத் தொட்ட கை ஒரு கட்டுரையைத் தொட்டதில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

துணைக்கு இருந்தது நாத்தனார். கணவனின் தங்கை, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். நாத்தனார் கணக்குக் கேட்டால் எந்த வீட்டிலும் சண்டைதான் வரும். இந்த வீட்டில் அண்ணியே வலியப் போய்க் கணக்குப் பார்க்கச் சொன்னாள்.

பக்கவாதத்தில் ஒரு கை பலவீனமானவர்களை இரண்டு பிரிவாகச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பிரிவு வீட்டில் தனியாகச் செய்யும். இன்னொரு பிரிவில் குடும்பத்தில் ஒருவர் தினமும் கூடவே இருப்பார். பாதி வழியில் ஒருமுறை வீட்டுக்குப் போய், பயிற்சியை வீடியோ எடுத்துக்கொண்டு வரவேண்டும். கடைசியில் யார் எந்தப் பிரிவு என்று தெரியாத ஒருவர் கையைச் சோதித்து மதிப்பெண் போடுவார். எட்டி அலமாரியைத் தொடுவது, கட்டையைத் தூக்கி வைப்பது, தண்ணீரை ஊற்றுவது எல்லாம் சோதனையில் உண்டு. அந்த மதிப்பெண்தான் ஆய்வின் முடிவு என்று ஆரம்பத்திலேயே எழுதிப் பதிவும் செய்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கைராசி காப்பியை ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"வித்தியாசம் இல்ல, அண்ணி."

"எதுல?"

"ரெண்டு பிரிவுக்கும். தனியா செஞ்சவங்களும் துணையோட செஞ்சவங்களும் ஒரே மாதிரிதான் தேறியிருக்காங்க."

"கணக்கு எங்கயாவது தப்பியிருக்கும். இன்னொரு தடவை பாரேன்."

"பார்த்துட்டேன். திரும்பவும் பார்த்தேன். கணக்கு உங்களுக்குச் சொந்தக்காரி இல்ல அண்ணி, முகம் பார்த்துப் பேச. நான்தான் சொந்தக்காரி. அதனாலதான் நேர்ல வந்து சொல்றேன்."

கைராசி ஊற்றி வைத்த காப்பி ஆடை கட்டியது. துக்க வீட்டில் பேசுவதுபோல அண்ணனும் தங்கையும் தணிந்த குரலில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். கைராசிக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

மறுநாள் தலைமை மருத்துவர் முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் காரியத்தில் கெட்டி. "இங்க பாருங்க, துணையோட செஞ்சவங்க மனசுக்கு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. அது நல்லா வந்திருக்கு. அதைத் தலைப்புல வைங்க, கை மதிப்பெண்ணை உள்ள எங்கயாவது சொல்லிக்கலாம். வெறுங்கையோட போனா எந்த ஆய்விதழ்லம்மா உள்ள விடுவாங்க?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அதனாலேயே ஆசை காட்டியது. கைராசி அப்படியே ஒரு கட்டுரைச் சுருக்கமும் எழுதிப் பார்த்தாள். படிக்க அழகாகத்தான் இருந்தது. நாத்தனாருக்கு அனுப்பினாள். உடனே தொலைபேசி அடித்தது.

"அம்பை விட்டுட்டு, அது குத்தின இடத்தைச் சுத்தி வட்டம் போடறீங்களா அண்ணி?"

"நிம்மதியா இருந்தது உண்மைதானே?"

"உண்மைதான். நாம தேடினது அது இல்லையே. இதைப் படிச்சுட்டு எங்கயோ ஒருத்தி தன் வேலையை விட்டுட்டு வீட்டுக்காரர் பக்கத்துல உக்காருவா, கை நல்லாயிடும்னு. அவளுக்கு யார் பதில் சொல்றது?"

 அன்று சாயங்காலமே கைராசி சுருக்கத்தை அழித்துவிட்டு முதல் வரியில் எழுதினாள்: குடும்பத்தினர் உடனிருந்தும் கையின் செயல்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை தனக்கு வராது என்று தலைமை மருத்துவரிடமும் சொல்லிவிட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டுரையில முதல் பேர் உங்களுது. முடிவும் உங்களுது. ஆனா பழைய செருப்பைத் தேடி வச்சுக்கங்க, நிறைய வாசல் ஏறி இறங்கணும்."

அவர் வாக்கு பலித்தது. முதல் ஆய்விதழ் மறுநாள் மாலையே கதவைச் சாத்தியது. "அவங்க படிச்சிருக்கவே மாட்டாங்க" என்றாள் கைராசி. "தலைப்பைப் படிச்சிருப்பாங்க" என்றாள் நாத்தனார். இரண்டாவது ஆய்விதழின் இணையதளம் பொறுமைக்கே பயிற்சி கொடுத்தது. சுருக்கத்தில் சொற்கள் அதிகம் என்றது, குறைத்தாள். எழுதியவர்கள் பெயர் உள்ளே எங்கும் தெரியக்கூடாது என்றது, நீக்கினாள். மேற்கோள் பட்டியலின் காற்புள்ளிகள் இடம் மாறவேண்டும் என்றது. படத்தில் ஒரு நோயாளியின் மச்சம் தெரிகிறது, அடையாளம் காட்டும் என்றது. கடைசிப் பொத்தானை அழுத்தப்போகும் நேரம் பார்த்துப் பக்கம் காலாவதியானது. "இவங்க கைக்கு வைத்தியம் எழுதச் சொல்றாங்களா, தலைவலிக்கா?" என்று அவள் கத்தியதில் அடுத்த அறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

மாதங்கள் போயின. பதில் வந்தபோது அது மறுப்பும் இல்லை, ஏற்பும் இல்லை. திருத்தி அனுப்பினால் பார்க்கலாம் என்றிருந்தார் இதழாசிரியர். கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல இதழ் அமர்த்திய இரண்டு மதிப்பாய்வாளர்களில் முதலாமவர் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். இரண்டாமவரோ பக்கம் பக்கமாகக் குடைந்திருந்தார்.

"இவர் உங்களுக்கு வாய்ச்ச இன்னொரு மாமியார், அண்ணி."

"உங்க அம்மா எவ்வளவோ தேவலை" என்றாள் கைராசி. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் கேள்விகளின் நடுவே இருந்த ஒரு வரியில் சிரிப்பு நின்றது: "குடும்பத்தினர் உடனிருந்தனர் என்கிறீர்கள். உடனிருந்து என்ன செய்தனர்?"

"இது ஒரு கேள்வியா? என்ன செய்வாங்க, உக்காந்திருப்பாங்க!"

"நமக்குத் தெரியுமா?"

தெரியாது. பயிற்சி சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் வீடியோ எடுத்தது, அதனால் எல்லாரும் விரல்களையே பார்த்திருந்தார்கள். மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஒரு லாரி ஓட்டுநரின் கை கப்பை எடுத்து மேலே கொண்டுபோனது. அழகாகப் போனது. ஆனால் படத்தின் ஓரத்தில், அவர் முழங்கைக்கு அடியில், ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது அவருடைய கட்டைவிரல் இல்லை.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் கைராசி. "பின்னாடி போ."

அடுத்த வீடியோவில் ஒரு மகளின் கை. அதற்கடுத்ததில் தோளைத் தாங்கிய ஒரு தம்பியின் கை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

லாரி ஓட்டுநரின் வீடு மாடியில் இரண்டு அறை. ஆய்வு முடிந்த பிறகும் பயிற்சியை விடாதவர். கைராசியைப் பார்த்ததும் அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். கணவர் செருமினால் தண்ணீர் வரும், நெளிந்தால் தலையணை வரும்.

"எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்க, நான் சும்மா பார்க்கறேன்" என்றாள் கைராசி.

அவர் கப்பை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டுவதற்கு முன்பே மனைவியின் உள்ளங்கை முழங்கைக்கு அடியில் போய்விட்டது. தான் அப்படிச் செய்வதே அவளுக்குத் தெரியவில்லை. வாய் பாட்டுக்கு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"அந்தக் கையைக் கொஞ்சம் எடுத்துக்கங்களேன்."

"எந்தக் கை அக்கா?" குனிந்து பார்த்தவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கப் மேசையில் இறங்கியது. ஓட்டுநர் முகம் சிவந்தது. மறுபடி முயன்றார். தோள் நடுங்கியது. கப் மேசையை விட்டு ஒரு விரலளவு எழும்பி நின்றது, பிறகு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. மனைவி துணியோடு பாய்ந்தாள்.

"விடுங்க, கொட்டட்டும்" என்றாள் கைராசி. "அது அவரே தூக்கினது."

மனைவி துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "அப்ப இத்தனை நாளா நான்தான் கெடுத்துட்டு இருந்தேனா?"

"ஐயோ, இல்லம்மா. பக்கத்துல இருங்கன்னுதான் உங்ககிட்ட சொன்னோம். எப்படி இருக்கணும்னு யாருமே சொல்லலையே. நீங்க இல்லன்னா அவர் பயிற்சியையே விட்டிருப்பார்."

"அதென்னவோ உண்மை" என்றார் ஓட்டுநர். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறியது. "இவளுக்குப் பயந்துதான் செய்யறேன்." மனைவி அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

கீழே இறங்கும்போது கைராசிக்குப் படிக்கட்டில் ஓடவேண்டும்போல் இருந்தது. இத்தனை மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டு, அதற்கு அடியில் ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. தெருவில் நின்றே நாத்தனாரை அழைத்து, வீட்டார் தாங்கியதால்தான் கைக்கு வேலையே இல்லாமல் போனது என்றாள்.

நாத்தனார் துள்ளவில்லை. "நல்ல யோசனை அண்ணி. ஆனா இது யோசனை மட்டும்தான். ஆய்வு முடிஞ்சப்புறம் தோணினது. நம்ம ஆசையில நாமளே பார்த்தா எல்லா ஓரத்துலயும் கட்டைவிரல் தெரியும்."

அதனால் மதிப்பெண்களைப் பார்க்காத இரண்டு பேரிடம் வீடியோக்களைக் கொடுத்து, யார் தொட்டார்கள், யார் தொடவில்லை என்று தனித்தனியே குறிக்கச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் தொட்டிருந்தார்கள். தொடாமல் உட்கார்ந்திருந்த சில குடும்பங்களில் கை கூடுதலாகவே தேறியிருந்தது. ஆனால் அவர்கள் மிகச் சிலர். எதையும் அடித்துச் சொல்ல முடியாது. கைராசி அதை அப்படியே எழுதினாள். இது முன்பே திட்டமிட்டது அல்ல, பின்னால் கவனித்தது, தற்செயலாகவும் இருக்கலாம், புதிதாக ஓர் ஆய்வு தேவை. முதல் வரியை மாற்றவில்லை. வேறுபாடு காணப்படவில்லை என்றே அது நின்றது. மதிப்பாய்வாளருக்கான பதிலில் ஒவ்வொரு கேள்விக்கும் பணிவாக விளக்கம் எழுதிவிட்டு, அந்த ஒரு கேள்விக்கு நேரே, "இதைக் கேட்டதற்கு நன்றி. நாங்கள் கேட்டிருக்க வேண்டியது இது" என்று சேர்த்தாள். நாத்தனார் படித்துவிட்டு, "மாமியாருக்கு ஐஸ் வைக்கறீங்க" என்றாள். ஐஸ் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஏற்றுக்கொண்டோம் என்ற செய்தி ஒரு நண்பகலில் வந்தது. கைராசி அப்போது தையற்காரர் ஒருவரின் விரலை மடக்கிப் பிடித்திருந்தாள், கையை எடுக்க முடியாது. தலைமை மருத்துவர்தான் தன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று உரக்கப் படித்தார். இரண்டாம் மதிப்பாய்வாளர் கடைசியாக ஒரே வரி எழுதியிருந்தார். தங்கள் மருத்துவமனையிலும் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போவதாக. தையற்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

"அடுத்த ஆய்வை எப்ப ஆரம்பிக்கறோம்?" என்றார் தலைமை மருத்துவர். "தொடாத துணை. இந்தத் தடவை அதையே முதல் கேள்வியா பதிவு பண்ணிடுவோம்."

"கணக்குக்காரியைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றாள் கைராசி. 

புதிய ஆய்வு தொடங்குவதற்குள்ளேயே காத்திருப்போர் கூடத்தில் அதற்கு ஒரு பிரசாரகி கிடைத்துவிட்டாள். கணவரைச் சோதனைக்கு அழைத்து வரும் லாரி ஓட்டுநரின் மனைவி, எதிர் வரிசையில் யாராவது நோயாளிக்குப் புட்டியைத் திறந்து கொடுத்தால் போதும், "கையை எடுங்க! அவரே திறக்கட்டும்!" என்று அதட்டுவாள். முன்பின் தெரியாதவர்கள்கூட மிரண்டுபோய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா?" என்று ஓட்டுநர் கைராசியிடம் முறையிட்டார். "இப்பல்லாம் வீட்டுல எனக்கு ஒரு பட்டன் போட்டுவிடக்கூட ஆளில்ல. கிளம்பறதுக்குள்ள மதியமாயிடுது."

கைராசி அவர் சட்டையைப் பார்த்தாள். கழுத்துவரை எல்லாப் பட்டனும் போட்டிருந்தார். ஒரு துளை தள்ளிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் மேலே ஏறி நின்றது. சரிசெய்யத் தானாக நீண்ட தன் கையை அவள் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "உள்ள வாங்க, அலமாரியை எட்டித் தொடுறீங்களான்னு பார்ப்போம்" என்றாள்.