நான்காம் மாடியில் தும்மல்

பேருந்து ஓட்டுநரின் நாய்க்குத் தும்மல் என்று பெயர். சந்தோஷம் வந்தால் அடுக்கடுக்காகத் தும்மும். அதனால் வந்த பெயர். அவர் மனைவி மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஒரு நாள் காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. நாய் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருவருமாகத் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் குழாய் ரிப்பேர் பார்க்கிறவர் ஒரு சேதி கொண்டுவந்தார். பின் தெரு அடுக்குமாடியில், நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் கணக்கு வாத்தியார் வீட்டில், நோட்டீஸில் கண்டபடியே ஒரு காது மடங்கிய பழுப்பு நாயைப் பார்த்தாராம். அங்கே நாய் வளர்க்க அனுமதி இல்லை; வெளியே சொல்ல வேண்டாம் என்று வாத்தியார் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம்.

ஓட்டுநர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியேறும்போதே என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

மணியடித்ததும் உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு சத்தமே இல்லை. ஓட்டுநர் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் வரிசையாக நாலு தும்மல்.

கதவு திறந்தது. நாய் பாய்ந்து வந்து அவள்மேல் ஏறியது. முன்னங்காலில் வெள்ளைக் கட்டு. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கூட்டரில் அடிபட்டுக் கிடந்ததைத் தூக்கி வந்ததாகவும், காலில் ஏழு தையல் என்றும் வாத்தியார் சொன்னார். நோட்டீஸைப் பார்க்கவில்லையா என்று ஓட்டுநர் கேட்டார். பார்க்கவில்லை என்று வாத்தியார் பொய் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. வாத்தியார் மேசை டிராயரிலிருந்து, நாலாக மடித்த நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"மூணாம் நாளே பாத்தேன். நம்பரைப் போட்டுப் போட்டுக் கட் பண்ணிட்டேன். என் சம்சாரம் போய்ச் சேந்து மூணு மாசம் ஆச்சு. ஸ்கூல் விட்டு வந்தா பேசறதுக்கு ஆள் இல்ல. நான் பண்ணது தப்புதான்."

ஓட்டுநருக்குக் காது சூடேறியது.

"இத்தனை நாளா இவ சரியா சாப்பிடல சார்."

வாத்தியார் தலை நிமிரவில்லை. மருந்துச் சீட்டையும் களிம்பையும் ஒரு பையில் போட்டு, எந்த வேளைக்கு எது என்று சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு நாயின் தலையைத் தடவினார்.

"கட்டு மாத்தறதெல்லாம் எனக்கு வராது சார்," என்றாள் அவள். "சாயங்காலம் நீங்களே வந்து போட்டு விட்டாத்தான் உண்டு."

ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நாளைக்கு முப்பது கட்டுப் போடுகிறவள், முகத்தில் எதையும் காட்டாமல் நாயின் காதை நீவிக்கொண்டிருந்தாள். மருந்துப் பையை அவர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வாத்தியார் வந்தார். கோணல்மாணலாகக் கட்டுப் போட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்திருந்தாள். தையல் பிரித்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. ஓட்டுநருக்குத்தான் கோபம் ஆற நாளாயிற்று; அவரைக் கண்டால் ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாள் மாற்று ஓட்டுநர் வராததால் இவர் டிப்போவிலேயே மாட்டிக்கொண்டார். வேறு யாரையும் யோசிக்காமல் வாத்தியாருக்குத்தான் போன் போட்டார்.

"சார், தும்மலைக் கொஞ்சம் நடக்கக் கூட்டிட்டுப் போறீங்களா? அவளுக்கும் டியூட்டி. சாவி எதிர்வீட்ல இருக்கு."

போனில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"செருப்பு மாட்டிட்டேன்," என்றார் வாத்தியார்.